முழுசா வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகுது: ஈரப்பதமா, சூடா?

கூடைமுட்டை
வீட்டுல செஞ்ச பெட்டியில கோழிமுட்டை பொரிக்க வைக்கறேன், விவரத்தை முதல்லயே போட்டுடறேன். தெர்மாகோல் பெட்டி, 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், 40 வாட் பல்பு இரண்டு, சூட்டைப் பார்த்துப் பல்பை எரியவிட்டு அணைக்கற டபிள்யூ1209 கன்ட்ரோலர், ஈரப்பதம் பார்க்க டிஎச்டி11 சென்சார். சூடு 37.5 டிகிரி, ஈரப்பதம் 60–65, கடைசி மூணு நாள் 75. கையால் தினம் 2 தடவை திருப்பல். மொத்தம் 24 முட்டை. 7-ஆம் நாள் டார்ச் அடிச்சதுல 4 கூமுட்டை, எடுத்தாச்சு. 18-ஆம் நாள் 20-லயும் அசைவு இருந்தது. பொரிச்சது 9தான், அதுவும் 22-ஆம் நாள் சாயங்காலம். மீதி 11-ல 3 ஓட்டைக் குத்திட்டு அப்படியே நின்னுடுச்சு, 8 குத்தவே இல்லை. வெளியே வந்ததும் வயிறு உப்பி, பசை தடவின மாதிரி. ஈரப்பதம் பத்தலையா? அடுத்த தடவை 80-க்கு ஏத்தலாமா?

அடைக்கோழி
ஏத்தாதீங்க. இறக்கணும். நீங்க சொல்ற எல்லா அடையாளமும் முட்டைக்குள்ள தண்ணி மிச்சம் நின்னதைத்தான் காட்டுது.

அந்த 11-ஐயும் தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்தா உடைச்சுப் பாருங்க. மொட்டை முனைப் பக்கம் ஓட்டை மெதுவா உரிச்சு, காற்றறை எவ்வளவு பெருசுன்னு பாருங்க. குஞ்சோட தலை எங்கே, அலகு சவ்வைக் கிழிச்சுக் காற்றறைக்குள்ள போயிருக்கா, மஞ்சள்கரு வயித்துக்குள்ள போயிடுச்சா வெளியே தொங்குதா, உள்ளே ஈரமா காய்ஞ்சிருக்கா. இந்த நாலையும் எழுதுங்க.

கூடைமுட்டை
6 உடைச்சேன். காற்றறை ரொம்பச் சின்னது, முட்டை நீளத்துல எட்டுல ஒரு பங்குகூட இல்லை. 5-ல அலகு காற்றறைக்கு வரவே இல்லை. உடைச்சதும் கொழகொழன்னு தண்ணி வழிஞ்சது. மஞ்சள்கரு 4-ல பாதிதான் உள்ளே போயிருக்கு.

ஈரத்துணி
இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் காரணம் புரியாமல் எண்ணை மட்டும் மாற்றினால் அடுத்த தடவை மறுகோடிக்குப் போய்விடுவீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஆக்சிஜன் உள்ளே போகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியே வருகின்றன. 18 நாளில் முட்டை தன் தொடக்க எடையில் 11 முதல் 14 சதவீதம் வரை இழக்க வேண்டும். இழப்பது முழுக்கத் தண்ணீர்தான். தண்ணீர் போன இடத்தில் காற்று வந்து உட்காருகிறது, அதுதான் காற்றறை. 19, 20-ஆம் நாளில் குஞ்சு சவ்வைக் கிழித்து இந்தக் காற்றறைக்குள் அலகை நீட்டி, முதல் மூச்சை அங்கேதான் எடுக்கும். அதுவரை ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் இரத்தக் குழாய்ப் படலம்தான் அதற்கு நுரையீரல். காற்றறை சின்னதாக இருந்தால் திரும்ப இடமில்லை, மூச்சுக்குக் காற்றும் இல்லை. உங்கள் 5 குஞ்சுகளும் அந்த வாசலிலேயே நின்றுவிட்டன.

ஆகவே கடைசி மூன்று நாள் 75 வைத்தது பிரச்சினை அல்ல. முதல் 18 நாள் 60–65 வைத்ததுதான் பிரச்சினை. ஃபேன் உள்ள பெட்டிக்கு முதல் 18 நாள் 45–55, பிறகு 65–70 போதும்.

ரிலே38
அந்த 60–65-ஐயும் நம்ப வேண்டாம். டிஎச்டி11-ன் பிழை ஈரப்பதத்தில் கூடக்குறைய 5 சதவீதம், சூட்டில் கூடக்குறைய 2 டிகிரி. அது புதுசாக இருக்கும்போது. ஈரத்தில் நாள்பட்டால் இன்னும் விலகும். இந்த வேலைக்கு அது பொம்மை. எஸ்எச்டி31 மாதிரி ஒன்று போடுங்கள், பிழை 2 சதவீதத்துக்குள் நிற்கும்.

எதைப் போட்டாலும் உப்புச் சோதனை செய்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடி நிறைய சாப்பாட்டு உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி நின்றால் போதும். அந்த மூடியையும் சென்சாரையும் ஒரு ஜிப் பையில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடுங்கள். 10, 12 மணி நேரம் கழித்து உள்ளே ஈரப்பதம் 75 இருக்கும். சென்சார் என்ன காட்டுகிறதோ அந்த வித்தியாசம்தான் அதன் பிழை.

சூட்டுக்கு வருகிறேன். 22-ஆம் நாள் சாயங்காலம் பொரித்தது என்றால் உண்மையான சூடு 37.5-ஐவிடக் கீழே இருந்திருக்கிறது. ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, டபிள்யூ1209-ன் சென்சார் முனையையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சேர்த்துக் கட்டி உள்ளே விட்டுக் கலக்குங்கள். காய்ச்சல் மானி அதிகபட்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகை. அதனால் தண்ணீரைக் கிட்டத்தட்ட 37.5-க்குக் கொண்டுவந்த பிறகே முக்குங்கள். நமக்கு வேண்டிய 37.5 அதன் அளவு வரம்புக்குள்ளேயே வருகிறது, வீட்டில் அதைவிடச் சரியான கருவி கிடையாது. வித்தியாசம் தெரிந்ததும் கன்ட்ரோலரின் பி4-ல் திருத்தத்தைப் போட்டுவிடலாம்.

கூடைமுட்டை
பி4ன்னா? நான் சூடு மட்டும் செட் பண்ணி அப்படியே விட்டுட்டேன்.

ரிலே38
கன்ட்ரோலர் மெனுவில் சூட்டு அளவைத் திருத்தும் இடம் பி4. அதைத் தொடவில்லையென்றால் பி1-ம் தொழிற்சாலை அளவிலேயே இருக்கும், அதாவது 2 டிகிரி. பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் உள்ள இடைவெளிதான் பி1. 37.5-ல் பல்பு அணைந்து, 35.5-க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி எரியும். சராசரி 36.5-ஐ ஒட்டி நின்றிருக்கும். தாமதத்துக்கு விடை கிடைத்துவிட்டது.

செட் பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடித்தால் பி0 வரும். அதில் எச் இருக்க வேண்டும், சூடேற்றும் முறை. சி என்றால் குளிர்விக்கும் முறை. பி1-ஐ 0.2 அல்லது 0.3 ஆக்குங்கள். 0.1-க்கும் போகலாம், ஆனால் பல்பை எரியவிட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஓயாமல் டிக் டிக் என்று அடித்துச் சீக்கிரம் தேயும். தேய்ந்த ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பல்பு அணையவே அணையாது, பெட்டி வெந்துவிடும். அதற்காகவே பல்புக்குப் போகும் வயரில் தொடராக இன்னொரு தெர்மோஸ்டாட், 38.5-ல் துண்டிக்கிற மாதிரி. முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது காப்பாற்றும்.

பல்பு இரண்டும் இணையாகத்தானே? ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்க வேண்டும். 80 வாட் சின்னப் பெட்டிக்கு அதிகம். நிலையான பெட்டியில் பல்பு ஏறக்குறைய பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருக்கணும். பத்து விநாடி எரிந்து இரண்டு நிமிஷம் அணைந்து கிடந்தால் வாட் அதிகம், ஒவ்வொரு தடவையும் சூடு எல்லை தாண்டி எகிறும். 25 வாட் இரண்டு போட்டுப் பாருங்கள். பல்பைத் தகர டப்பாவுக்குள் மறைத்துவிடுங்கள், வெளிச்சம் நேரே பட்டால் சென்சார் காற்றின் சூட்டைச் சொல்லாது, பல்பின் சூட்டைச் சொல்லும். டப்பாவோ பல்போ தெர்மாகோலைத் தொடவே கூடாது. பல்பு வயர் வீட்டு மின்சாரம், பக்கத்திலேயே தண்ணீர்த் தட்டு: ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் இதைச் செய்யாதீர்கள்.

புதுக்கூடு
ஃபேன் இல்லாத பெட்டிக்கும் 37.5தானா?

அடைக்கோழி
இல்லை. காத்து அசையாத பெட்டியில மேலே சூடு, கீழே குளிர்ச்சி. தெர்மாமீட்டர் முனையை முட்டையோட மேல்பாகத்து உயரத்துல வெச்சு 38.3-லிருந்து 38.9 வரை. இந்த எண்ணை ஃபேன் பெட்டியில வெச்சுடாதீங்க, அங்கே அது அதிகம். ஃபேன் இருந்தாலும் நாலு மூலையும் நடுவும் அளந்து பாருங்க. அரை டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா ஃபேன் ஊதுற திசையை மாத்தணும், நேரா முட்டை மேல ஊதக் கூடாது.

வறண்டபெட்டி
இவ்வளவு சுத்து எதுக்கு? 18 நாள் வரைக்கும் சொட்டுத் தண்ணிகூட வைக்காதீங்க, அப்புறம் வையுங்க. முடிஞ்சது.

ஈரத்துணி
@வறண்டபெட்டி, சில இடங்களில் அது சரியாக வரும், சில இடங்களில் குஞ்சைக் காயவைத்துக் கொல்லும். பெட்டிக்குள் வரும் காற்று வெளிக்காற்றுதான், சூடேறியது மட்டுமே மாற்றம். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் அதே காற்று 37.5-க்குச் சூடேறும்போது ஈரப்பதம் சுமார் 46 ஆகும். தண்ணீர்த் தட்டே வேண்டாம், முட்டைகள் விடும் நீராவியும் சேர்ந்துகொள்ளும். வெளியே 15 டிகிரி, ஈரப்பதம் 50 என்றால்? உள்ளே 13தான் நிற்கும். இரண்டுக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

தண்ணீர் வைக்கும்போது பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம் அல்ல, பரப்பு. குறுகிய டம்ளரில் அரை லிட்டர் ஊற்றுவதைவிட அகலத் தட்டில் ஒரு விரற்கடை ஊற்றுவது அதிகம் ஏற்றும். இன்னும் வேண்டுமென்றால் ஸ்பாஞ்சை நனைத்து நிற்க வையுங்கள். குறைக்க, தட்டின் பாதியை மூடுங்கள். காற்றுத் துளைகளை அடைத்து ஈரப்பதத்தை ஏற்றுவது மட்டும் கூடாது, குறிப்பாகக் கடைசி வாரத்தில். அப்போதுதான் குஞ்சுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை.

எண்ணைவிட எடையை நம்புங்கள். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். வைப்பதற்கு முன் ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து, எண்ணும் எடையும் பென்சிலால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா மை ஓட்டின் துளைக்குள் போகும், வேண்டாம். 18 நாளில் 13 சதவீதம் என்று இலக்கு வைத்தால், 7-ஆம் நாள் 5, 14-ஆம் நாள் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கணும். கூமுட்டையை எடுத்தால் அதன் தொடக்க எடையையும் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். தனித்தனியாக நிறுக்கச் சொல்வது அதற்குத்தான்.

அடைக்கோழி
இன்னொண்ணு விட்டுப்போச்சு. தினம் 2 தடவை திருப்பினதா எழுதியிருக்கீங்க. இரட்டைப்படை வேண்டாம். ராத்திரி நீளம். 2 தடவைன்னா தினமும் ராத்திரி ஒரே பக்கம்தான் மேலே இருக்கும். 3 அல்லது 5-னா ராத்திரிப் பக்கம் மாறிக்கிட்டே வரும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கங்க. திருப்பாம விட்டா கரு சவ்வோட ஒட்டிக்கும், இரத்தக் குழாயும் சரியாப் பரவாது. முதல் வாரம்தான் இதுல ரொம்ப முக்கியம். தானியங்கித் தட்டுன்னா கூர்முனை கீழே, மணிக்கு ஒரு தடவை, இந்தப் பக்கம் 45 டிகிரி, அந்தப் பக்கம் 45. 18-ஆம் நாள் நிறுத்திடணும்.

நாள் எண்றதும் சரி பாருங்க. வெச்ச நாள் பூஜ்யம். 24 மணி நேரம் முடிஞ்சாத்தான் நாள் 1.

புதுக்கூடு
டார்ச் அடிக்கும்போது எது உயிர், எது செத்ததுன்னு எனக்குக் குழப்பம். வெள்ளை ஓடா இருந்தாக்கூடச் சந்தேகமா இருக்கு.

டார்ச்சு
7-ஆம் நாள், இருட்டு அறை, டார்ச்சு முனை மொட்டைப் பக்கத்துல அழுத்தி வை. உயிர்னா சிலந்திவலை மாதிரி சிவப்புக் குழாய்கள், நடுவுல கருப்புப் புள்ளி, அதுதான் கண்ணு. லேசா ஆடும். எதுவுமே இல்லாம மஞ்சளா ஒளிவிட்டா கரு கூடாத முட்டை. குழாய் இல்லாம ஒரே ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தா, கரு பிடிச்சு 3, 4 நாள்ல செத்தது. இந்த வளையம் நிறைய வந்தா முட்டை பழசு, இல்லாட்டி ஆரம்பச் சூடு ஏறி இறங்கியிருக்கு. 14-ஆம் நாள் பாதிக்கு மேல இருட்டு. 18-ல காற்றறை தவிர எல்லாமே கருப்பு, காற்றறை ஓரம் சாய்ஞ்சு வளைஞ்சு தெரியும்.

கெட்ட வாடை வர்றது, ஓட்டுல ஈரம் கசியறது, இதை உடனே எடு. உள்ளே அழுகி வாயு சேர்ந்து வெடிச்சா மொத்தப் பெட்டிக்கும் கிருமி. சந்தேகம்னா குறி போட்டு வெச்சு, மூணு நாள் கழிச்சுப் பாரு. அவசரப்பட்டு உடைக்காதே.

புதுக்கூடு
கரன்ட் போனா?

ரிலே38
திறக்காதீர்கள், போர்வையால் மூடுங்கள். 35 டிகிரிக்கு இறங்கி மூன்று நான்கு மணி நேரம் இருந்தாலும் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான், பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும். அதே 40.5-க்கு ஏறினால் கால் மணி நேரமே பெரிய சேதம். குளிர் தாமதப்படுத்தும், சூடுதான் கொல்லும். கடைசி வாரத்தில் குஞ்சுகளே சூடு விடும், அப்போது போர்வை போட்டாலும் காற்றுத் துளையை மூடக் கூடாது. 12 வோல்ட் பேட்டரியில் ஃபேனும் கன்ட்ரோலரும் ஓடும். பல்புக்கு இன்வெர்ட்டர் இல்லையென்றால் சுடுநீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைக்கலாம்.

கூடைமுட்டை
அடுத்த வைப்பு, 7-ஆம் நாள். 14 வெச்சதுல 2 கூமுட்டை. மீதி 12-ன் தொடக்க எடை 612 கிராம், இன்னைக்கு 593. பி1 0.3, பி4 திருத்தியாச்சு. டிஎச்டி11 ஈரப்பதம் 55 காட்டுது. உப்புச் சோதனை இப்பத்தான் பண்ணினேன், 75-க்குப் பதிலா 62 காட்டுது!

ஈரத்துணி
இழந்தது 19 கிராம், 3.1 சதவீதம். இலக்கு 31 கிராம். 55-ஓடு 13-ஐக் கூட்டினால் 68, கணக்கு ஒத்துப்போகிறது. போன தடவை 60–65 என்று நீங்கள் பார்த்தது உண்மையில் 75-ஐ ஒட்டியது. தண்ணீர்த் தட்டை முழுக்க வெளியே எடுங்கள். பதற்றம் வேண்டாம், முதல் வாரக் குறையை அடுத்த பத்து நாளில் சரிக்கட்டலாம். 18-ஆம் நாள் மொத்தம்தான் முக்கியம்.

கூடைமுட்டை
14-ஆம் நாள் 556.

ஈரத்துணி
56 கிராம், 9.2 சதவீதம். அப்படியே விடுங்கள்.

கூடைமுட்டை
18-ஆம் நாள் 536. 12-லயும் அசைவு. இனி என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

அடைக்கோழி
76 கிராம், 12.4. நல்ல கணக்கு.

திருப்பறதை நிறுத்துங்க. படுக்க வெச்சிடுங்க, அடியில சொரசொரப்பான துணி இல்லாட்டி ரப்பர் வலை. செய்தித்தாள் வழுக்கும், குஞ்சுக்குக் கால் இரண்டும் விரிஞ்சிடும். தண்ணித் தட்டு மேல வலை போடுங்க, ஈரக் குஞ்சு விழுந்து முங்கிடும். ஈரப்பதம் நிஜமா 65–70, அதாவது உங்க சென்சார்ல 52–57. காற்றுத் துளை முழுக்கத் திறப்பு. அப்புறம் மூடியைத் தொடாதீங்க. ஒரு குஞ்சு பாதி உடைச்சிருக்கும்போது திறந்தா ஈரம் ஒரே மூச்சுல போயிடும், சவ்வு காய்ஞ்சு பிளாஸ்டிக் உறை மாதிரி குஞ்சைச் சுத்தி இறுகிடும். அதுக்கப்புறம் அதால திரும்ப முடியாது.

புதுக்கூடு
ஓட்டைக் குத்திட்டு ரொம்ப நேரமா சும்மா இருந்தா உரிச்சுவிடலாமா?

அடைக்கோழி
முதல் ஓட்டைக்கப்புறம் 12-லிருந்து 24 மணி நேரம் சும்மா இருக்கறது இயல்பு. அப்பத்தான் சவ்வுல இருக்கிற இரத்தத்தையும் மிச்ச மஞ்சள்கருவையும் உள்ளே இழுத்துக்கும். அந்த நேரத்துல உரிச்சா இரத்தம் கொட்டும். 24 தாண்டி, குரல் பலவீனமா, சவ்வு பழுப்பாக் காய்ஞ்சிருந்தா மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால சவ்வை ஈரமாக்கலாம். சிவப்பு நரம்பு ஒண்ணு தெரிஞ்சாலும் கையை எடுத்திடுங்க.

பொரிச்சதை உடனே வெளியே எடுக்கணும்னு இல்லை. மஞ்சள்கரு வயித்துல இருக்கு, ஒரு நாள், ரெண்டு நாள் தீனி இல்லாமலே தாங்கும். மயிர் காய்ஞ்சு பஞ்சு மாதிரி ஆனதும் எல்லாத்தையும் மொத்தமா 35 டிகிரி புரூடருக்கு, அதாவது குஞ்சு வளர்க்கற சூட்டுப் பெட்டிக்கு மாத்துங்க. வாரத்துக்கு 3 டிகிரி இறக்கிக்கிட்டே வரலாம். விளக்குக்கு அடியில குவிஞ்சா குளிருது, ஓரத்துக்கு ஓடினா சுடுது.

கூடைமுட்டை
21-ஆம் நாள் காலையில 8, ராத்திரிக்குள்ள 10. தொப்புள் சுத்தமா மூடியிருக்கு. மீதி 2-ஐ 23-ஆம் நாள் உடைச்சேன். ஒண்ணுல காற்றறை பெருசு, ஆனா குஞ்சு கூர்முனைப் பக்கம் குத்திச் செத்திருக்கு. இன்னொண்ணுல தலை இரண்டு காலுக்கு நடுவுல.

ஈரத்துணி
இரண்டும் குஞ்சு தவறாகத் திரும்பியது. ஈரப்பதம் காரணமில்லை. தலை காலுக்கு நடுவில் இருந்தால் கடைசி நாள்களில் திரும்பும் நேரத்தில் திரும்பவில்லை என்று பொருள், எல்லா வைப்பிலும் ஒன்றிரண்டு வரும். முதலாவது வேறு. அந்த முட்டையைத் தட்டில் எந்த முனை மேலே இருக்க வைத்தீர்கள்?

கூடைமுட்டை
அது கிட்டத்தட்ட உருண்டை. எது கூர்முனைன்னே தெரியலை, குத்துமதிப்பா வெச்சேன்.

டார்ச்சு
வைக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாரு. காற்றறை எந்தப் பக்கமோ அதுதான் மேலே.